திங்கட்கிழமையும் கத்தோலிக்கர்தான்: வீட்டிலும் வேலையிடத்திலும் விசுவாசத்தை வாழ ஒரு முழுமையான வழிகாட்டி

மூன்று நாள் தியானம் முடித்து வீடு திரும்பிய ஞாயிற்றுக்கிழமை இரவு நான் ஓர் அட்டவணை போட்டேன். விடியற்காலை நாலரைக்கு எழுவது, தினமும் திருப்பலி, விவிலியத்தில் மூன்று அதிகாரம், மாலையில் குடும்பத்தோடு 53 மணி செபமாலை, படுக்கும் முன் ஆன்ம சோதனை. திங்கள் நன்றாகப் போயிற்று. செவ்வாய் மனைவிக்கு இரவுப் பணி. புதன் மகளுக்குக் காய்ச்சல். சனிக்கிழமை பார்த்தபோது குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்த அந்த அட்டவணையின் மேல் யாரோ பால் கணக்கு எழுதியிருந்தார்கள். எழுதியது நானாகவும் இருக்கலாம்.

அதற்குப் பிறகு இருபது வருடங்கள் ஓடிவிட்டன. கன்னியாகுமரி மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்து கோயம்புத்தூரில் வாடகை வீட்டில் குடியிருக்கும் குடும்பம் எங்களுடையது. நான் ஒரு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் வேலை செய்கிறேன். மனைவி செவிலியர். குருக்களுக்கும் துறவியருக்கும் நாளின் நேரங்களே செபத்துக்காக வகுக்கப்பட்டவை. நமக்கு அப்படி இல்லை. ஆகவே கீழே சொல்லியிருப்பவை வாடகை, பள்ளிக் கட்டணம், ஷிப்ட், மாமியாரின் மூட்டுவலி இவற்றுக்கு நடுவில் தாக்குப்பிடித்தவை மட்டுமே. தாக்குப்பிடிக்காதவற்றை விட்டுவிட்டேன்.

முதல் படி: ஒரு வாரத்தை உள்ளபடி எழுதுங்கள்

புதிதாக எந்தச் செபத்தையும் சேர்க்க வேண்டாம். ஒரு தாளில் திங்கள் முதல் ஞாயிறு வரை எழுதிக்கொண்டு, யார் எப்போது எழுகிறார், எப்போது வெளியே போகிறார், எப்போது எல்லோரும் ஒரே கூரையின் கீழ் விழித்திருக்கிறீர்கள் என்று குறியுங்கள். கடைசிக் கேள்விதான் முக்கியம். எங்கள் வீட்டில் அது நாளுக்கு ஐம்பது நிமிடம். மனைவியின் இரவுப் பணி நாட்களில் சுத்தமாக இல்லை. ஒரு மணி நேரக் குடும்பச் செபம் எங்கள் வீட்டில் ஏன் நிற்கவில்லை என்பது அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. பக்திக் குறைவு என்று என்னை நானே திட்டிக்கொண்டிருந்தேன், கணக்கே ஒத்துவரவில்லை.

எந்த வீட்டிலும் மாறாத சில இடங்கள் உண்டு. எழுவது, வாசற்படி தாண்டுவது, மதியச் சோறு, எல்லோரும் கூடும் நேரம், விளக்கை அணைப்பது. மணியைப் பார்த்துச் செபம் வைத்தால் பஸ் தாமதமானதும் செபம் போய்விடும். சோற்றோடு சேர்த்து வைத்தால் போகாது, ஏனென்றால் சோறு எப்படியும் வரும். முதல் மாதம் இந்த ஐந்தில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: காலை, கைப்பேசிக்கு முன்

கண் விழித்ததும் நெற்றியில் சிலுவை அடையாளம். பிறகு அன்றைய நாளை ஒப்புக்கொடுக்க ஒரே ஒரு வாக்கியம்: இன்று நான் செய்வதும் சொல்வதும் படுவதும் உமக்கே. அவ்வளவுதான். கைப்பேசியைத் தொடுவதற்கு முன் இதைச் செய்ய வேண்டும் என்பது மட்டும் கண்டிப்பு. அலுவலகச் செய்தி ஒன்றைப் படித்துவிட்டால் அன்றைய நாள் உங்கள் கையை விட்டுப் போய்விட்டது.

இங்கே ஒரு சிறிய வீட்டுச் சண்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் பாட்டி கடைசி வரை 'பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்து' என்றே சிலுவை வரைந்தார். போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொல் அது. அம்மா 'பரிசுத்த ஆவி' என்பார். பிள்ளைகள் மறைக்கல்வி வகுப்பில் 'தூய ஆவியார்' என்று படித்தார்கள். மங்கள வார்த்தைச் செபமும் அப்படித்தான். ஒருவர் 'பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே' என்று தொடங்க, இன்னொருவர் 'அருள் நிறைந்த மரியே' என்று போய்க்கொண்டிருப்பார். சேர்ந்து சொல்லும்போது தடுமாறும் என்று பெரியவர்களைத் திருத்தப் போகாதீர்கள். எங்கள் வீட்டில் செபமாலையின் ஒரு பத்தில் முன்பாதியை அம்மா பழைய சொற்களில் சொல்வார், மறுபாதியை நாங்கள் புதிய சொற்களில் முடிப்போம். மாதாவுக்கு இரண்டும் புரியும்.

மூன்றாம் படி: நண்பகல் ஒரு நிமிடம்

மூவேளை செபத்தைக் கோயில் மணி அடிக்கும் ஊர்களில் வளர்ந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காலை, நண்பகல், மாலை என்று மூன்று வேளை. 'ஆண்டவரின் தூதர் மரியாவுக்குத் தூதுரைத்தார்' என்று தொடங்கும் அந்தச் செபத்துக்கு இரண்டு நிமிடம் கூடத் தேவையில்லை. வேலையிடத்தில் எனக்கு வாய்ப்பது நண்பகல் வேளை மட்டும். எழுந்து நிற்பதில்லை, கண்ணை மூடுவதில்லை. திரையைப் பார்த்தபடியே மனத்துக்குள் சொல்லிவிடுவேன். சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கும் முன் சிலுவை வரைவதை மட்டும் மறைப்பதில்லை. இருபது வருடத்தில் இதைப் பற்றி என்னிடம் கேட்டவர்கள் இரண்டு பேர். இருவரும் தங்கள் வீட்டு நோயாளிக்காக வேண்டிக்கொள்ளும்படி கேட்டார்கள்.

நான்காம் படி: மாலைச் செபம், பதினைந்து நிமிடம்

1964இல் உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று அழைத்தது. கேட்க அழகான சொல். ஆனால் அந்தத் திருச்சபையில் ஒருவர் தொடர் பார்க்கிறார், ஒருவர் வீட்டுப்பாடம் எழுதவில்லை, அடுப்பில் பருப்பு கொதிக்கிறது. ஆகவே விரிவாகவே பார்ப்போம்.

நேரம்: இரவுச் சாப்பாட்டுக்குச் சற்று முன். சாப்பிட்ட பிறகு வைத்தால் சிறியவர்கள் தூங்கிவிடுவார்கள், பெரியவர்கள் தூங்குவது போல் இருப்பார்கள். பசி இருக்கும்போது யாரும் செபத்தை நீட்டுவதும் இல்லை.

இடம்: திரு இருதய ஆண்டவர் படமோ மாதா சுரூபமோ இருக்கிற சுவர். தனி அறை வேண்டாம். எங்கள் வீட்டில் படத்துக்கு மேல் குருத்து ஞாயிறன்று கொண்டுவந்த ஓலைச் சிலுவை செருகியிருக்கும்; மறு வருடம் அதைக் கோயிலில் கொடுத்தால் சாம்பல் புதனுக்கு எரித்துச் சாம்பலாக்குவார்கள். பிள்ளைகளுக்கு இதை ஒரு முறை சொல்லிக் காட்டுங்கள். போன வருடம் நாம் அசைத்த ஓலை இந்த வருடம் நம் நெற்றிக்கு வருகிறது என்பது எந்தப் பிரசங்கத்தைவிடவும் அவர்கள் மனத்தில் நிற்கும்.

எவ்வளவு: ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் இருந்தால் ஒரு பத்து மணி போதும். பிறகு மெல்ல ஐந்து பத்துகள் வரை போகலாம். அவசரமில்லாமல் சொன்னால் இருபது நிமிடம் பிடிக்கும். ஒவ்வொரு பத்திலும் தியானிக்கும் இயேசு, மாதா வாழ்க்கை நிகழ்வுகளைத்தான் மறைபொருள்கள் என்கிறோம்: திங்களும் சனியும் மகிழ்ச்சி மறைபொருள்கள், செவ்வாயும் வெள்ளியும் துயரம், புதனும் ஞாயிறும் மகிமை, வியாழன் ஒளி. ஒளியின் மறைபொருள்களைச் சேர்த்தவர் இரண்டாம் யோவான் பவுல், 2002 அக்டோபரில். அதற்கு முன் படித்த பெரியவர்கள் வியாழனன்று மகிழ்ச்சிக்குப் போனால் விட்டுவிடுங்கள்.

யார் நடத்துவது: அப்பா மட்டும் அல்ல. எங்கள் வீட்டில் நாள் முறை வைத்தோம். மகள் நடத்தும் நாளில் வேகம் கூடும்; மனைவி நடத்தும் நாளில் அந்த வாரம் மருத்துவமனையில் பார்த்த நோயாளிகளுக்காக, பெயர் சொல்லாமல், மன்றாட்டு நீளும். எங்கள் செபத்தில் உயிர் இருக்கிற இடம் இந்த மன்றாட்டுப் பகுதிதான் என்று நினைக்கிறேன். ஒவ்வொருவரும் ஒரு வேண்டுதல் சொல்ல வேண்டும், அது உண்மையானதாக இருக்க வேண்டும். 'உலக சமாதானத்துக்காக' என்று தப்பித்துக்கொள்ளக் கூடாது. ஒரு நாள் மகன், 'அப்பா வண்டி ஓட்டும்போது கத்தாமல் இருக்க' என்று வேண்டிக்கொண்டான். எல்லோரும் 'எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்' என்றார்கள். நானும் சொல்ல வேண்டியிருந்தது.

திருத்தந்தை பிரான்சிஸ் குடும்பங்களுக்கு மூன்று சொற்களைத் திரும்பத் திரும்பச் சொல்லிவந்தார்: அனுமதி கேட்பது, நன்றி சொல்வது, மன்னிப்புக் கேட்பது. நம் வீடுகளில் 'சார்' என்று அலுவலகத்தில் நன்றி சொல்கிறவர், தண்ணீர் கொண்டுவந்த மனைவியிடம் சொல்வதில்லை. செபம் முடிந்ததும் பெரியவர்களிடம் பிள்ளைகள் நெற்றியில் சிலுவை வாங்கிக்கொள்ளும் வழக்கம் இருக்கிறதே, அந்த நேரத்தில் அன்றைய மன்னிப்பையும் கேட்டுவிடலாம். பெரியவர்கள் பிள்ளைகளிடம் கேட்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

துணைவர் வேறு சமயத்தவராக இருந்தால்? அவரை உட்காரச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம், அவருக்குத் தெரியாமல் ஒளிந்து செய்யவும் வேண்டாம். செபத்தைச் சுருக்கி, அவர் வீட்டாருக்காகவும் ஒரு மன்றாட்டு வையுங்கள்.

ஐந்தாம் படி: ஞாயிறு

ஞாயிறு திருப்பலி கடமை. இதில் தளர்த்திச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் பலருக்குத் தெரியாத சில விவரங்கள் உண்டு. சனிக்கிழமை மாலைத் திருப்பலியில் பங்கேற்றாலும் ஞாயிற்றுக் கடமை நிறைவேறுகிறது. ஷிப்டில் இருப்பவர்களுக்கு இது பெரிய உதவி. நோயுற்றவர்களும் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்களும் வர இயலாவிட்டால் அது பாவமாகாது. நற்கருணை வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பு உண்பதை நிறுத்தினால் போதும். தண்ணீரும் மருந்தும் அந்தக் கணக்கில் வராது. நள்ளிரவு முதல் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்ற பழைய சட்டத்தை நினைத்துக்கொண்டு சர்க்கரை நோயாளியான என் மாமியார் ஒரு முறை கோயிலிலேயே மயங்கி விழுந்தார்.

சனிக்கிழமை இரவே மறுநாள் நற்செய்தியை ஒருவர் சத்தமாக வாசியுங்கள். மறுநாள் பிரசங்கம் எப்படி இருந்தாலும் கேட்பதற்கு ஏதோ ஒன்று கையில் இருக்கும்.

ஓய்வைப் பற்றி எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. ஞாயிறு ஓய்வுநாள் என்கிறோம். வாரம் முழுவதும் உழைத்த ஆண், பிரியாணி எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்கிறான். வாரம் முழுவதும் உழைத்த பெண் பூசை முடிந்து வந்த சேலையோடு கறி கழுவுகிறாள். மூன்றாம் கட்டளை ஓய்வைப் பற்றிச் சொல்லும்போது மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, கால்நடை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எல்லோருக்கும் ஓய்வு என்கிறது. மாட்டுக்கும் உண்டு. எங்கள் வீட்டில் இப்போது ஞாயிறு மதியம் நானும் பிள்ளைகளும் சமைக்கிறோம். சாம்பார் சாதம், அப்பளம், முட்டை. சுவை பற்றிக் கேட்காதீர்கள்.

மருத்துவமனை, மின்வாரியம், பஸ் போக்குவரத்து போன்ற பணிகளில் இருப்பவர்களின் ஞாயிற்று வேலை பாவமல்ல. பிறருக்குத் தேவையான சேவையைத் திருச்சபை காரணமாக ஏற்கிறது. அவர்கள் வாரத்தின் வேறு ஒரு நாளில் அந்த ஓய்வை உண்மையாக எடுத்துக்கொள்ள வேண்டும். மனைவிக்குச் செவ்வாய் விடுப்பு என்றால் எங்கள் ஞாயிற்றுச் சாம்பார் செவ்வாய்க்குப் போகிறது.

ஆறாம் படி: வேலை

இங்கேதான் நம்மில் பலருக்கு விசுவாசம் வாசலில் செருப்போடு நின்றுவிடுகிறது. என் மனத்தில் எப்போதும் வருகிறவர் புனித தேவசகாயம். 1712இல் நட்டாலத்தில் பிறந்தவர். மார்த்தாண்ட வர்மா ஆட்சியில் திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்தார். குளச்சல் போரில் பிடிபட்டுப் பின்னர் அரசரின் படைத்தலைவரான டச்சுக்காரர் டிலனாயிடம் விவிலியத்து யோபுவின் கதையைக் கேட்டு மனம் மாறியவர். 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். 1749இல் கைதாகி, 1752 ஜனவரி 14இல் காற்றாடிமலையில் சுட்டுக்கொல்லப்பட்டார். 2022 மே 15இல் புனிதர் பட்டம். இந்தியாவின் பொதுநிலையினரில் அந்தப் பட்டம் பெற்ற முதல்வர் இவர்தான். குருவும் அல்ல, துறவியும் அல்ல. மணமானவர், சம்பளம் வாங்கியவர். அவருடைய சாட்சியம் அரசாங்க வேலைக்கும் குடும்பத்துக்கும் நடுவில் தொடங்கியது. அவர் பெயரோடு ஒட்டிவந்த சாதிப் பட்டத்தைப் புனிதர் பட்ட அறிவிப்பில் வத்திக்கான் சேர்க்கவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். அது பிறகு உதவும்.

வேலையில் முதலாவது, வேலையைச் சரியாகச் செய்வது. சரக்கை எண்ணாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு அந்த நேரத்தில் செபமாலை சொல்வது பக்தியல்ல. நேரத்தைத் திருடுவதும் திருட்டுத்தான்.

இரண்டாவது, கமிஷன். கொள்முதல் பிரிவில் இருப்பவனுக்குச் சோதனை பாலைவனத்தில் வராது, தீபாவளிப் பெட்டியில் வரும். நான் வைத்துக்கொண்ட வழக்கம் இது: பெட்டி அலுவலக முகவரிக்கே வர வேண்டும், எல்லோர் முன்னிலையிலும் திறக்கப்பட வேண்டும், பிரிவில் எல்லோருக்கும் பங்கிடப்பட வேண்டும். 'வீட்டு முகவரி கொடுங்கள் சார்' என்று கேட்பவரிடம் கொடுப்பதில்லை. இதைத் தொடக்கத்திலிருந்தே செய்தேன் என்று நினைக்காதீர்கள். மகள் முதன்முறை நற்கருணை வாங்கிய புதுநன்மை விழாவுக்கு வந்த ஒரு விற்பனையாளர் உறையில் ஐயாயிரம் ரூபாய் வைத்தார். மொய்தானே என்று வாங்கிவிட்டேன். அடுத்த ஒப்பந்தத்தில் அவர் விலையைப் பார்த்து என் பேனா தயங்கியது. குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். சாமியார் செபம் எதையும் முதலில் சொல்லவில்லை. 'அந்தப் பணம் யாருடையது?' என்று கேட்டார்.

இதைப் பலர் மறந்துவிடுகிறோம். திருடியதற்கும் ஏமாற்றியதற்கும் மனம் வருந்தினால் மட்டும் போதாது, எடுத்ததைத் திருப்பிக்கொடுக்க வேண்டும் என்பது திருச்சபையின் போதனை. விவிலியத்தில் வரும் வரி தண்டுபவர் சக்கேயு நான்கு மடங்கு கொடுப்பதாகச் சொன்னார். என் விஷயத்தில் அந்த ஐயாயிரம் கடைசியில் நிறுவனம் கொடுக்கப்போகும் விலையிலிருந்துதான் வந்திருக்கும். ஆகவே உறையை விற்பனையாளரிடம் திருப்பிக்கொடுத்து, அடுத்த பில்லில் அந்தத் தொகையைக் குறைக்கச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. குறைத்தார்.

மூன்றாவது, நம்மிடம் வேலை செய்பவர்களின் கூலி. கூலியைப் பிடித்துவைப்பது வானத்தை நோக்கிக் கூக்குரலிடும் பாவம் என்று பழைய மறைக்கல்விப் பாடமான ஞானோபதேசப் புத்தகம் கொலையோடு சேர்த்து எண்ணியது. யாக்கோபு திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரத்திலும் அந்தக் கூலியின் குரல் கேட்கிறது. தொழிலாளர் நியாயக் கூலியைப் பற்றித் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் (லியோ) சுற்றுமடல் எழுதியது 1891 மே 15இல். தேவசகாயம் புனிதரானதும் ஒரு மே 15இல். தற்செயல்தான், ஆனால் எனக்குப் பிடித்த தற்செயல். ஆலை முதலாளிகளைப் பற்றித்தான் அது என்று எண்ண வேண்டாம். உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அக்காவுக்கு ஒன்றாம் தேதி சம்பளம் போகிறதா? அவர் காய்ச்சலில் படுத்த நாளுக்குச் சம்பளம் பிடிக்கிறீர்களா? வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்குக் கிளம்பும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

நான்காவது, ஆயுத பூஜை. பிற சமய நண்பர்கள் நடுவில் வேலை செய்யும் கத்தோலிக்கர் வருடந்தோறும் கேட்கிற கேள்வி இது. என் வழி: இயந்திரத்தைத் துடைக்கிறேன், மாவிலை கட்ட ஏணியைப் பிடிக்கிறேன், வாழ்த்துச் சொல்கிறேன். வழிபாட்டின்போது மரியாதையாக ஒதுங்கி நிற்கிறேன், அதில் பங்கெடுப்பதில்லை. படைத்த உணவைப் பற்றிப் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் 8, 10 ஆகிய அதிகாரங்களில் நிறையவே யோசித்திருக்கிறார். அதைப் படித்துவிட்டு உங்கள் மனச்சாட்சிப்படி செய்யுங்கள். முகத்தைச் சுளித்துப் பேருரை ஆற்றுவதை மட்டும் செய்யாதீர்கள். கிறிஸ்துமஸ் அன்று நம் குடிலைப் பார்க்க அவர்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வருகிறார்கள்.

ஐந்தாவது, நாக்கு. தேநீர் நேரத்தில் இல்லாதவரைப் பற்றிப் பேசுவது. இதில் நான் இன்னும் தேறவில்லை, ஆகவே ஆலோசனை இல்லை.

ஏழாம் படி: வீட்டுப் பணம்

பத்தில் ஒரு பங்கு கட்டாயம் என்று பிற சபை நண்பர்கள் சொல்வார்கள். கத்தோலிக்கத் திருச்சபை சதவீதம் எதையும் விதிக்கவில்லை. இயன்ற அளவு திருச்சபையின் தேவைக்கு உதவ வேண்டும் என்பது கட்டளை. திருவிழாத் தலைக்கட்டு வரி, காணிக்கை, வின்சென்ட் தே பவுல் சபையின் உண்டியல் எல்லாம் இதில் அடங்கும். நாங்கள் சம்பளம் வந்த அன்றே ஒரு தொகையைத் தனி உறையில் போட்டுவிடுகிறோம். மாதக் கடைசியில் மிச்சத்தைக் கொடுக்கலாம் என்றால் மிச்சம் இருந்ததே இல்லை.

வேளாங்கண்ணிக்குப் போக வட்டிக்கு வாங்காதீர்கள். புதுநன்மை விருந்துக்கு நகையை அடகு வைக்காதீர்கள். எட்டு வயதுப் பிள்ளைக்குக் கேக் போதும். வரதட்சணை சட்டப்படி 1961 முதல் குற்றம். அதைப் பேசி முடித்த கையோடு கோயிலில் திருமண அறிவிப்பான மூன்று ஓலை வாசிக்கக் கொடுக்கிறோம். பெண் வீட்டார் தாமாகவே தருகிறார்கள் என்று சொல்வது என் உறவினர்களும் சொல்வதுதான். மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்று தாமாகவே சொல்லி நான் கேட்டது ஒரே ஒரு முறை.

எட்டாம் படி: இரவுக் கணக்கும் பாவசங்கீர்த்தனமும்

விளக்கை அணைத்த பின் ஐந்து நிமிடம். இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் தம் சபையினருக்குக் கற்றுக்கொடுத்த முறைதான்: நன்றி சொல்வது, ஒளி கேட்பது, அன்றைய நாளை ஒவ்வொரு மணியாகப் பின்னோக்கிப் பார்ப்பது, தவறியதற்கு மன்னிப்பு, நாளைக்கு ஒரு தீர்மானம். நன்றியில் தொடங்குவது முக்கியம். குற்றத்தில் தொடங்கினால் தூக்கம் போகும், அல்லது தூக்கம் வந்துவிடும்.

பாவசங்கீர்த்தனம் வருடத்துக்கு ஒரு முறையாவது என்பது கட்டளையின் கீழ் எல்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய வரிசையில் நின்று இரண்டு நிமிடத்தில் முடிப்பதைவிட, சாதாரணமான ஒரு சனிக்கிழமை மாலை போங்கள். பல வருடம் போகாதவர்களுக்கு: ஞானோபதேசம் ஐந்து காரியங்களைச் சொல்கிறது. பாவங்களை நினைவுக்குக் கொண்டுவருவது, மனம் வருந்துவது, இனிச் செய்வதில்லை என்று தீர்மானிப்பது, குருவிடம் சொல்வது, அவர் இடும் அபராதத்தைத் தீர்ப்பது. வாய்பாடு மறந்துவிட்டதா? 'சாமி, எப்படிச் சொல்வதென்று மறந்துவிட்டது' என்றே தொடங்குங்கள். அவர் உதவுவார். சொன்னதை அவர் யாரிடமும் எந்தக் காரணத்துக்காகவும் வெளியிட முடியாது.

ஒன்பதாம் படி: ஒருசந்தியும் சுத்தபோசனமும்

சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி நாட்கள். 18 வயது நிறைந்தவர்கள் முதல் 59 வயது நிறையும் வரை. ஒரு முழுச் சாப்பாடு, மற்ற வேளைகளில் கொஞ்சம். புலால் தவிர்க்கும் சுத்தபோசனம் 14 வயது நிறைந்ததிலிருந்து. நோயாளிகளும் கருவுற்றவர்களும் தங்களை வருத்திக்கொள்ள வேண்டியதில்லை.

மீன் புலாலில் சேராது என்பதால் கடற்கரைக்காரர்களான எங்களுக்கு ஒரு வசதி உண்டு. பெரிய வெள்ளிக்கு முந்தின வெள்ளியொன்றில் வஞ்சிரம் வறுத்து, நெய்மீன் குழம்பு வைத்து, தவம் செய்தோம் என்று எழுந்தோம். சட்டப்படி குற்றமில்லை. மகள்தான் கேட்டாள், கோழியைவிட இது விலை அதிகம் அல்லவா என்று. அந்த வருடத்திலிருந்து தவக்கால வெள்ளிகளில் கஞ்சியும் பயறும். மீதியான பணம் பங்கிலிருந்து தரும் தவக்கால உண்டியலில் விழுகிறது.

பத்தாம் படி: அன்பியம்

தெருவில் உள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் அன்பியத்துக்கு மாதம் ஒரு முறையாவது போங்கள். நோயாளி யார், வேலை இழந்தவர் யார், பிள்ளைக்குக் கட்டணம் கட்டாதவர் யார் என்பதெல்லாம் தெரியவருவது அங்கேதான். அங்கே ஒரு சோதனையும் உண்டு. யார் வீட்டில் கூட்டம் வைத்தால் யார் வருவதில்லை, யார் வீட்டுத் தேநீரை யார் 'இப்போதுதான் குடித்தேன்' என்று தள்ளுகிறார் என்று கவனியுங்கள். கல்லறையில்கூடச் சாதிக்குச் சுவர் கட்டிய வரலாறு தமிழகக் கத்தோலிக்கருக்கு உண்டு. தேவசகாயத்தின் பெயரைப் பற்றி மேலே சொன்னது இதற்காகத்தான். அந்தத் தேநீரை வாங்கிக் குடியுங்கள், பிறகு அவர்களை உங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்கள்.

பதினொன்றாம் படி: பிள்ளைகள் வராதபோது

வளர்ந்த பிள்ளைகள் ஒரு கட்டத்தில் செபத்துக்கு வர மாட்டார்கள். உறுதிபூசுதல் முடிந்த மறு வாரமே சிலர் நின்றுவிடுகிறார்கள். கத்திப் பார்த்தேன், பயனில்லை. கைப்பேசியைப் பிடுங்கிப் பார்த்தேன், கதவு சாத்தப்பட்டது. இப்போது செய்வது இவ்வளவுதான்: செபம் அதே இடத்தில், அதே நேரத்தில், அவன் காதில் விழும்படி நடக்கும். அவன் பெயரைச் சொல்லி அவன் திருந்த வேண்டும் என்று மன்றாட்டு வைப்பதில்லை. அது செபம் போல் தோன்றும் குத்தல். அவன் தேர்வுக்காக, அவன் நண்பனின் விபத்துக்காக வேண்டிக்கொள்கிறோம். சாப்பாட்டுக்கு அவன் வந்து உட்காரும்போது கோயிலைப் பற்றிப் பேச்சு எடுப்பதில்லை.

என் மகனுக்கு இப்போது பதினேழு வயது. சென்ற வியாழன் நான் களைப்பில், 'மகிழ்ச்சி மறைபொருள்கள், முதலாவது' என்று தொடங்கிவிட்டேன். மூடியிருந்த கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது: 'இன்றைக்கு ஒளிப்பா.'